வெள்ளிக்கிழமை மெட்டு

கள்ளக்குறிச்சியில் கிளாரினெட் எலியாவைத் தெரியாத கல்யாண மண்டபம் கிடையாது. அவர் யூதர் என்பது மட்டும் ஒருவர் மண்டையிலும் ஏறாது. பேரைக் கேட்டதுமே கிறிஸ்தவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். டிசம்பர் வந்தால் கேக் எங்கே என்று நச்சரிப்பார்கள். "நாங்க யூதருங்க" என்று முப்பது வருஷம் சொல்லிப் பார்த்தார். "சரி சரி, அதுவும் ஏசு கட்சிதானே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் அவரே டிசம்பருக்குக் கேக் வாங்கி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா ராகேல் கேரளத்துப் பரவூர்க்காரி. நர்ஸ் வேலைக்கு வந்த இடத்தில் லாரி டிரைவர் கொளஞ்சியப்பனைக் கட்டிக்கொண்டார். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் இஸ்ரேலுக்குப் போய்ச் சேர, இவர் மட்டும் இந்த வெயிலில் தங்கினார். கொண்டு வந்த சீர் இரண்டே இரண்டு: ஒரு தொங்கு விளக்கு, ஒரு பாட்டு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் விளக்கை ஏற்றிவிட்டு அந்த எபிரேயப் பாட்டைப் பாடுவார். மெட்டு அவருடைய அம்மா கட்டியது; அந்தக் குடும்பத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது. சாகிற சமயத்தில் மகனிடம் ஒரே ஒரு வாக்கு வாங்கினார்.

"மோனே, இத குழல்ல ஊதாத. வெள்ளிக்கிழமைக்கு, இந்த வூட்டுக்குள்ள, வாயால மட்டும்."

எலியா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யூதப் பெண்ணுக்கு அவர் எங்கே போவார், சின்னசேலத்திலா கிடைக்கும்? அவரோடு அந்தப் பாட்டும் இந்த மண்ணில் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதன்மேல் பாசம் இன்னும் கூடியது.

பிழைப்பு, நண்பன் தங்கதுரையோடு சேர்ந்து தொடங்கிய பேண்டு செட். தங்கதுரை டிரம், எலியா கிளாரினெட். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள்; எலியா குழலைத் தொடமாட்டார். போன், லைட் சுவிட்சு எதையும் தொடமாட்டார், வண்டியிலும் ஏறமாட்டார். சென்னையில் ரெக்கார்டிங் வேலை வந்தபோதுகூட அந்த ஒரு நாளுக்காக வேண்டாம் என்றார். ஆடி வெள்ளியில் ஊரே பேண்டு செட்டுக்கு அலையும்போது இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டு மாரடிப்பது லேசில்லை. தங்கதுரை மாரடித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஒருமுறை கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம், சனிக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. எலியா வெள்ளி காலையிலேயே மலையேறித் தங்கிவிட்டார். சனி சாயங்காலம் மேகம் மூடிக்கொண்டது. ஒரு நட்சத்திரத்தையும் காணோம். பெண் வீட்டார் கத்துகிறார்கள். தங்கதுரை ஒரு பாறைமேல் ஏறி நின்று, மேகம் விலகும்வரை முக்கால் மணி நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"மூணும் வந்துடுச்சி எலியா, எட்றா குழல!"

அன்றிலிருந்து தங்கதுரை அவருக்கு உடன்பிறப்பு. வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு அந்த வீட்டில் இடம் பெற்ற ஒரே வெளியாளும் அவர்தான். பாட்டைக் கேட்டார், வாக்கையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "என் மூலமா வெளிய போவாதுடா" என்று விளக்குக்கு நேரே கை நீட்டிச் சொன்னார்.

இந்த வருஷம் ஆடி மூன்றாம் வெள்ளி. எலியா விளக்கேற்றிவிட்டுப் பாட வாயெடுத்தார். தெருக்கோடி மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பம்பை அதிர்ந்தது. பின்னாலேயே அம்மாவின் மெட்டு வந்தது, தமிழ் வார்த்தைகளோடு. 'நம்மூர் தங்கதுரை இசையமைத்த புதுப்பாட்டு' என்று மைக்கில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். பக்கத்து வீட்டு ஜெயசுதா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க வூட்டுப் பாட்டு மாதிரியே கீதே!"

அடுத்த நாள் இருட்டும்வரை அந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியதோ, அத்தனை முறையும் எலியா உட்கார்ந்து கேட்டார். போனைத் தொடவில்லை. சனிக்கிழமை மொட்டை மாடியில் நின்று மூன்றாவது நட்சத்திரத்தைப் பார்த்த பிறகுதான் தங்கதுரை வீட்டுக்கு நடந்தார்.

"எப்படிரா புட்ச்ச?"

தங்கதுரை தரையைப் பார்த்தார். "போன்லதான். சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல வச்சிருந்தேன். நீதான் வெள்ளிக்கிழமை போன திரும்பிக்கூட பாக்கமாட்டியே."

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். தங்கதுரை உண்டுகொண்டே செய்திருக்கிறார்.

"விளக்குக்கு நேரா சொன்னியேடா."

"நான் இன்னா தப்பு பண்ணேன்? வெள்ளிக்கிழமை, விளக்கேத்தி, ஒரு தாய் பாடுன பாட்டு. அது அம்மன் பாட்டு இல்லாம வேற இன்னா? ஆத்தா பாட்ட ஆத்தாவுக்கே குட்த்தேன்."

அப்படியும் இருக்குமோ என்று எலியா ஒரு கணம் தடுமாறினார். இந்த ஊரில் வெள்ளிக்கிழமை விளக்கென்றால் அம்மனுக்குத்தான்.

"அப்ப எங்கம்மா பேரப் போட்டிருக்கலாமே?"

"யூதர் பாட்டுன்னா கோயில்ல போடுவாங்களாடா?" என்றார் தங்கதுரை. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். எலியா வாங்கவில்லை, நட்சத்திரம் தேடிய மனுஷன் இவன்தானா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அடுத்த வெள்ளி தட்டு ஒன்றுதான். விளக்கேற்றிப் பாட ஆரம்பித்தார். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடியில் பம்பை சேர்ந்துகொண்டது. மூன்றாம் அடிக்கு வாய் திறந்தபோது வந்தது கோயில் பாட்டின் தமிழ் வார்த்தை. திடுக்கிட்டு நிறுத்தி, அம்மாவின் வார்த்தையைத் தேடினார். எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. மீதிப் பாட்டைத் தெருக்கோடி ஒலிபெருக்கி பாடி முடித்தது.