மூன்றாவது காகிதம்

நான் எலக்ட்ரீஷியன். விளக்கு மினுக்கினால் ஒயரைப் பார்ப்பேன், சாமி படத்தைப் பார்க்க மாட்டேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

ஃபிஜியில் ஆட்சியைக் கவிழ்த்த மறு வருடம். நாங்கள் ஆக்லாந்து வந்து மனுரேவாவில் வாடகைக்கு இருந்தோம். அப்பா கோவிந்தனுக்கு எழுபது தாண்டியிருந்தது. ஆடி அமாவாசைக்கு பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் தர்ப்பணம் செய்ய, சடங்கு தெரிந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரை முன்கூட்டியே வீட்டுக்கு அழைத்திருந்தோம். அவர் கேட்டார்: “தகப்பன்ர பேர் சொல்லுங்கோ ஐயா. தகப்பன்ர தகப்பன் பேர்?”

அப்பா “முனுசாமி” என்றார், அதோடு நின்றுவிட்டார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலில் வந்த என் தாத்தா முனுசாமி, அப்பாவுக்கு ஆறு வயதிலேயே செத்துப்போனவர். அவருடைய அப்பன் பெயரை யாரிடம் போய்க் கேட்பது? “மாலும் நஹி,” என்றார் அப்பா. எங்கள் ஃபிஜித் தமிழில் பாதி இந்தி, தெரியாது என்று சொல்லக்கூட இந்திதான் வரும். “பரவாயில்லை, பொதுவாச் சொல்லலாம்,” என்று வந்தவர் ஆறுதல் சொன்னார். அப்பாவுக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து தட்டை வைத்தால் தள்ளிவிடுவார். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிப்போனது, எனக்குப் பயமாகிவிட்டது.

ஃபிஜிக்கு வந்த கூலிகளின் சீட்டுகள் இங்கேயே அரசாங்க ஆவணக் காப்பகத்தில் படச்சுருளாக இருக்கின்றன என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். ஆளுக்கொரு சீட்டு: பெயர், அப்பா பெயர், ஊர், உடம்பில் உள்ள அடையாளம். லீவு போட்டுப் போனேன். கப்பல் பெயரை எனக்குச் சின்ன வயதிலேயே அப்பா சொல்லியிருந்தார், அதனால் சீக்கிரம் கிடைத்துவிட்டது. ஆனால் கூத்தைக் கேளுங்கள், ஒரே கப்பலில் நான்கு முனுசாமி! நான்கையும் நகல் எடுத்து மேசையில் பரப்பிவைத்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். தப்பான பெயருக்கு எள்ளும் தண்ணீரும் விடவைத்தால் பெற்ற அப்பனை ஏமாற்றின பாவம் எனக்குத்தானே?

பட்டப்பகல், பன்னிரண்டு மணி இருக்கும். அங்கே வேலை செய்யும் வெள்ளைக்கார அம்மா வந்து கூப்பிட்டார். போனில் யாரோ பெரியவராம், பேசுவது ஒன்றும் புரியவில்லையாம், எனக்காகத்தான் இருக்கும் என்றார். அந்த அறையில் இந்தியன் நான் ஒருத்தன்தான். போய் எடுத்தேன். அப்பா குரல்.

“மூணாவது காயிதம், கண்ணு. இடது முழங்கையில சுட்ட தழும்பு. கோயிந்தன் சாப்ட்டானா?”

வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. கிழவருக்குக் குசும்பு என்று நினைத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். மூன்றாவது சீட்டில் இடது முழங்கை, தீக்காயத் தழும்பு. அப்பா பெயர் என்ற இடத்தில் ஏழுமலை.

வீட்டுக்குள் நுழைந்ததும், “யார் வீட்டுலேருந்து போன் பண்ணினீங்க?” என்றேன். எங்கள் வீட்டுக்கு போன் வந்ததே அடுத்த வாரம்தான். என் மனைவி முறைத்தாள். “அவர் காலைலேருந்து படுக்கையை விட்டு எந்திரிக்கவே இல்ல. நீங்க எங்க போனீங்கன்னுகூட அவருக்குத் தெரியாது.”

அப்பாவிடம் சீட்டை நீட்டி, தழும்பைப் பற்றிச் சொல்லாமல், “தாத்தா உடம்புல அடையாளம் ஏதாச்சும் உண்டா?” என்று மட்டும் கேட்டேன். அவர் தன் இடது முழங்கையைத் தொட்டார். “இங்க சுட்ட தழும்பு. அதைத் தடவிக்கிட்டேதான் நான் தூங்குவேன் பேட்டா.” சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அப்புறம் சோறு கேட்டார், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அமாவாசையன்று, ஆடி என்றால் இங்கே குளிர்காலம், பல் கிட்டிக்கும் அந்தக் குளிரில், கடலைப் பார்த்து ஏழுமலை பெயரை அவர் சத்தமாகச் சொன்னார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நம்பினால் நம்புங்கள். போனில் வந்த குரலில் ஒரு இந்தி வார்த்தை கிடையாது. அதையும் விடுங்கள், தன்னையே பெயர் சொல்லி, சாப்பிட்டானா என்று யாராவது விசாரிப்பார்களா?

அப்பா போய் வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் மத்தியானம் போன் அடித்தால், எடுத்ததும் நான் ஹலோ சொல்வதில்லை.

“சாப்பிட்டாரு தாத்தா,” என்கிறேன்.