ஆல்ட் விசையும் இடது கையும்

குணசுந்தரிக்கு வயது ஐம்பத்திரண்டு. திருவொற்றியூர் கடலோரக் குப்பத்துக்காரி. கணவர் தேசப்பன் விசைப்படகில் போகிறவர். இவள் தட்டச்சு படித்து, ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபத்தாறு ஆண்டு வேலை பார்த்தவள். கப்பல் துறைமுகத்துக்கு வரும் முன்பே அதிலுள்ள ஆட்களின் பெயர்ப் பட்டியலை அடித்து வைப்பது அவள் வேலை.

வெளிநாட்டுப் பெயர்களில் சில எழுத்துகளின் தலையில் ஒரு கோடோ, அலையோ, இரண்டு புள்ளியோ இருக்கும். நம் ஊர் விசைப்பலகையில் அவை கிடையாது. ஆனால் கணினிக்குள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இடது கையால் ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எண்ணை அடித்துவிட்டு, இடது கையை எடுத்தால் எழுத்து விழும். é வேண்டுமானால் 0233. ã என்றால் 0227. நடுவில் ஆல்ட் நழுவினால் வேறு எதுவோ வந்து நிற்கும். மற்றவர்கள் குறியை விட்டுவிட்டு வெறும் எழுத்தை அடித்து அனுப்புவார்கள். அவள் மாட்டாள். பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் வர வேண்டும். பிரேசில்காரர்கள் இருக்கும் கப்பல் என்றால் பட்டியல் நேராக அவள் மேசைக்குப் போகும்.

தை மாதம் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிப்பது என் வேலை; மூன்றாம் வாரத்திலிருந்து நான் பகலில் போய் அவளைப் பார்த்துக்கொண்டேன். கால் சீக்கிரம் தேறியது. கை தேறவில்லை.

ஏஜென்சி முதலாளி சுடலைராஜ் வீட்டுக்கு வந்தார். "ஜூன் மாசம் வந்து ஒரு லிஸ்ட் அடிச்சுக் காட்டுங்கம்மா. முடியலேன்னா வேற ஆளு போடணும், வேற வழியில்ல" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதுவரை அவள் இடத்துக்கு யாரையும் எடுக்காமல்தான் வைத்திருந்தார்.

இடது கையால் அமுக்கிப் பழக ரப்பர் பந்தைக் கொடுத்தால் வீசி எறிவாள். "பந்து அமுக்க நான் இன்னா கொயந்தையா, யக்கா?"

"அப்ப இந்தக் கை ஆபீஸ்ல என்ன செய்யும்?"

"ஆல்ட்டு புடிக்கும்."

"அதையே செய்."

மேசை விளிம்பில் கட்டைவிரலை அழுத்த வேண்டும். நான்கு எண் சொல்லி முடியும் வரை எடுக்கக் கூடாது. முதல் வாரம் இரண்டாவது எண்ணிலேயே விரல் நழுவியது. சித்திரை முடிவில் நான்கு வரை நின்றது.

மகன் அர்ஜுன் சந்தோஷத்தில் ஒரு சின்ன லேப்டாப் வாங்கி வந்தான். அவள் ஆல்ட்டைப் பிடித்து 0233 அடித்தாள். எதுவும் வரவில்லை. மூன்று முறை. லேப்டாப்பைத் தள்ளிவிட்டாள்.

"வுட்ரு யக்கா. கை பூட்ச்சு."

"காப்பி பண்ணி ஒட்டிக்கலாம்மா" என்றான் அர்ஜுன்.

"ஒவ்வொண்ணா ஒட்டிக்கினு இருந்தா கப்பலு வந்துட்டு திரும்பியே பூடும்டா."

தேசப்பன் வலை ஊசியைக் கீழே வைத்தார். "கஞ்சி ஊத்த நான் கீறேன். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"உன் கஞ்சிக்கா நான் போறேன்? நாளைக்கு நீ போட்டுக்குப் போவாத, நான் ஊத்தறேன். வூட்ல குந்து, பாக்கலாம்."

அவர் வலை ஊசியைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் சொன்னதற்கு மேல் எனக்குக் கணினி தெரியாது. அதனால் திரையைப் பார்க்காமல் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறையும் இடது கட்டைவிரல் கடைசி எண் வரை அசையவில்லை.

"கை சரியாத்தான் பிடிச்சுது. ஆபீஸ்ல எப்படி அடிப்பியோ அப்படி இன்னொரு தரம் அடி. கண்ணை மூடிக்கோ" என்றேன்.

கண்ணை மூடினாள். வலது கை தானாகவே பக்கவாட்டில் போய், லேப்டாப்பைத் தாண்டி, வெறும் மேசையில் நான்கு முறை தட்டியது. கண்ணைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தாள்.

"அடச்சே! இதுல சைடு நம்பரே இல்ல. மேல் வரிசை நம்பர அடிச்சா ஆல்ட்டுக்கு ஏறாது யக்கா!"

தெருமுனை ஜெராக்ஸ் கடை மஜீதிடமிருந்து அர்ஜுன் வலப்பக்கம் தனியாக எண்கள் உள்ள ஒரு பழைய பெரிய விசைப்பலகையை வாங்கி வந்து செருகினான். முதல் தடவையிலேயே é விழுந்தது. பிறகு ã. அதன் பிறகு சாப்பிடக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. கை வீங்கும் என்று நான்தான் பலகையை எடுத்து வைத்தேன்.

ஜூன் முதல் வாரம் ஆட்டோவில் ராயபுரம் போனோம். இருபத்தொரு பெயர். முன்பு கால் மணி நேர வேலை. அன்று ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. இரண்டு முறை ஆல்ட் நழுவியது. அவளே பார்த்துத் திருத்தினாள். சுடலைராஜ் பாஸ்போர்ட் நகல்களோடு வரி வரியாக ஒப்பிட்டார்.

"ரொம்ப மெதுவா இருக்கேம்மா."

"ஆமா சார், மெதுவாத்தான். தப்பு எதுனா கீதா, சொல்லுங்க."

"இல்ல." தாளை மடித்தார். "அவசரக் கப்பலெல்லாம் உங்களுக்கு வேண்டாம். மத்ததுக்கு வாரத்துல மூணு நாள் வாங்க."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கைக்கு ஓய்வு வேண்டும் என்றேன்.

"திங்கள், புதன், வெள்ளி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.