மஞ்சள் தடவிய டி.சி.

பெரிய சிஸ்டர் என் மகளின் டி.சி.யை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தது இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. திருமங்கலத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் தலைமை. ஒடிசலான உடம்பு, கையில் ஆம்பிளைக் கடிகாரம், கணீரென்ற குரல். மேசைக்கு இந்தப் பக்கம் நானும், பள்ளிப் பையைத் தோளில் மாட்டியபடி மகளும் நின்றோம். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. கேட்டு வாங்க வந்த இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை எனக்கு.

"இது என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா? நாலு மூலையிலயும் மஞ்சள் வச்சிருக்கீங்க."

"நல்ல காகிதம் சிஸ்டர். வெறுமனே பெட்டியில வைக்கக் கூடாதுன்னு வச்சேன்."

சிரிப்பாரென்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தில் எழுதியிருந்த தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் பேரையூருக்குத் தெற்கே, பருத்தியும் மிளகாயும் விளைகிற வானம் பார்த்த பூமி. மகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்தாள். ஒரு வாத்தியார் மாற்றலாகிப் போனதும், இருந்த இரண்டு பேர் எட்டு வகுப்பையும் மேய்க்க வேண்டியதாயிற்று. என் மகள் வளர்த்தியான பிள்ளை, வாய் அதட்டலும் உண்டு. அவளை இரண்டாம் வகுப்புக்குக் காவல் வைத்துவிட்டார்கள். கையில் பிரம்போடு அவள் நிற்பதை ஒருநாள் சன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பருத்தி எடுக்கிற இடத்திலெல்லாம் அதே பேச்சுத்தான் பேசினேன். "டீச்சரம்மாவப் பெத்தவுக வாராக, வழிய விடுங்கடி" என்று கேலி செய்தார்கள். கேலியென்று தெரிந்தும் இனித்தது.

ஒரு மழைநாளில் ஓட்டின் ஒழுக்கில் அவள் நோட்டுகள் நனைந்துபோயின. உலர்த்துவதற்காக ஒவ்வொரு தாளாகப் பிரித்தேன். ஆடி வரைக்கும் எழுத்து இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளைத் தாள். கணக்கு நோட்டில் அப்படி, அறிவியல் நோட்டில் அப்படி. நான் மூன்றாவதோடு நின்றவள். எழுதியிருப்பதைப் படிக்கத்தான் எனக்குத் திணறும், எழுதாமல் கிடப்பது எனக்கும் தெரியும். அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. ஊரெல்லாம் பெருமை பேசிய வாய்க்கு நல்ல பூட்டுப் போட்டிருந்தாள் மகள்.

மறுநாள் வாத்தியாரிடம் போனேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனிதர், தொண்டை கட்டிப்போய் நின்றார்.

"ஆள் இல்ல தாயி, நான் என்ன செய்ய? உம்மக பொறுப்பான புள்ள. அதான் விட்டேன்."

"பொறுப்பு எங்கயும் போயிறாது சார். படிப்புத்தான் போயிரும். டி.சி. குடுங்க, திருமங்கலத்துல சேக்கப் போறேன்."

"நடு வருசத்துல எவன் சேப்பான்?"

"அது எம்பாடு."

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். அப்போது கார்த்திகை மாதம். மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டோம். பெண் பார்க்க மாட்டோம், வீடு மாற மாட்டோம், புதுப்பானைகூட அடுப்பில் ஏற்ற மாட்டோம். அதனால் மார்கழிக்கு முந்தியே நல்ல வெள்ளிக்கிழமையாகப் பார்த்து டி.சி.யை வாங்கி, மஞ்சள் தடவிப் பெட்டியில் வைத்தேன். சேர்ப்பதைத் தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம். வாங்குவது ஒரு காரியம், சேர்ப்பது வேறு காரியம், இரண்டுக்கும் நல்ல நாள் அமைந்துவிட்டது என்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நடுவிலே கிடக்கிற ஒரு மாதத்தை நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

தையில் இடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கத்தான் மார்கழி இரண்டாம் நாள் பெரிய சிஸ்டர் முன்னால் நின்றேன். அவர் டி.சி.யை மேசையில் வைத்தார்.

"இத வாங்கிப் பன்னெண்டு நாளாச்சு. இப்ப இவ எந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ள?"

"எம்புள்ளதான் சிஸ்டர்."

"அது சரி. எந்தப் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர்ல இவ பேரு இருக்கு?"

அவர் நிதானமாகச் சொன்னார். திங்கட்கிழமை அரைப் பரீட்சை. அதையும் எழுதாமல், ஒரு மாதம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாமல் இருந்தால், அடுத்த வகுப்புக்குத் தூக்கிவிட அவரால் முடியாது. ஒரு வருடம் போனால் அவளுக்குப் படிப்பே போனமாதிரிதான். வயசுக்கு வந்த பிள்ளையைப் பெயிலான வகுப்பில் திரும்ப உட்காரவைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் அன்றைக்கு இல்லை. மறுநாளே பருத்திக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்ப வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கும் வாய் வராது.

அப்படியிருந்தும் என் வீம்பு இறங்கவில்லை. "மார்கழியில சேக்க மாட்டோம் சிஸ்டர்" என்றேன்.

"நீங்க மிளகாய் போடுற ஆளுதானம்மா? நாத்தப் பிடுங்கிட்டு, நடுறதுக்கு ஒரு மாசம் கழிச்சா நாள் பாப்பீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அவரும் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை என்று பிறகுதான் தெரியும். நான் தலையைக் குனிந்ததும் குரல் தணிந்தது. "சரி. பேரு தையிலயே ஏறட்டும். உங்க வழக்கத்த நான் கெடுக்கல. புள்ள இன்னைக்கே போய் உக்காரட்டும். பரீட்சைய எழுதட்டும். மேல கேட்டா, அந்தத் தாளக் காட்டி நான் பேசிக்கிறேன்." மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வகுப்பைத் தேடி நடந்துவிட்டாள்.

முதல் பஸ்ஸில் போவாள், பொழுது சாய வருவாள். பரீட்சை எழுதினாள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்திருக்க, ஒருநாள் சாயங்காலம் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நல்ல மார்க்குத்தான். முகம் மட்டும் தொங்கிக் கிடந்தது.

"நம்பர் வரிசையில கூப்பிட்டுக் குடுத்தாங்கம்மா. எனக்கு நம்பர் இல்ல. எல்லாருக்கும் குடுத்து முடிச்சுட்டு, 'இது யாரு தாளு'ன்னு கேட்டாங்க."

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"காலையில பேர் கூப்பிடுறப்ப எல்லாரும் உள்ளேன்னு சொல்றாங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன். பக்கத்துல இருக்கிற புள்ள, 'நீ விருந்தாளியாடி, பொங்கல் முடிஞ்சதும் போயிருவியா'ன்னு கேக்குறா."

தை பிறக்க இன்னும் பத்து நாள்தான், பொறுத்துக்கொள் என்று சொல்ல வாய் திறந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலு மாதம் வகுப்பில் இல்லாமல் இருந்த பிள்ளை. இங்கே வகுப்பில் இருந்தும் இல்லாமல் இருக்கிறாள். அதற்கு அந்த வாத்தியார் காரணம், இதற்கு நான்.

மறுநாள் அவளோடு நானும் முதல் பஸ் ஏறினேன். பெரிய சிஸ்டர் அறைக்குப் போய், "பேர எழுதிருங்க சிஸ்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

"மார்கழி இன்னும் முடியலயேம்மா. போதாததுக்கு இன்னைக்கு அஷ்டமின்னு போட்டிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாள் பார்க்காமல் வீட்டுப்படி இறங்கியது என் வாழ்நாளில் அன்றைக்குத்தான். அதை அவரிடம் ஒப்புக்கொள்வேனா? "தெரியும் சிஸ்டர். எழுதுங்க" என்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. பெரிய நோட்டை என் பக்கம் திருப்பினார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை எடுத்தார். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, முழுசாக எழுதினேன். அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.

வகுப்பு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். டீச்சர் வரிசையாகப் பெயர் கூப்பிட்டு வந்தார். கடைசியில் என் மகள் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. பழக்கதோஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். திரும்பவும் கூப்பிட்டார். விருந்தாளியா என்று கேட்டாளே, அந்தப் பிள்ளைதான் முதலில் "உள்ளேன் டீச்சர்" என்றாள். அடுத்து வகுப்பே சேர்ந்து சொல்லிற்று. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் என் மகள் எழுந்து நின்று, தனியாக ஒரு தடவை சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர், "மார்கழியிலயா எழுதுன?" என்று கேட்டார். "ஆமா" என்றேன்.

பெரிய சிஸ்டர் அடுத்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டார். மகள் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்து, இன்று மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறாள். கோரிப்பாளையத்தில் வாடகை வீடு. வேலையைத் திருமங்கலம் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று போன மார்கழியில் போன் செய்தாள். அவள் பெண்ணைப் பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டும். டி.சி.யெல்லாம் இப்போது கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறதாம். அலையவே வேண்டாமாம்.

"எல்லாம் முடிஞ்சதும்மா. சேக்குறதுக்கு நல்ல நேரம் மட்டும் நீ பாத்துச் சொல்லிரு" என்றாள். குரலில் குறும்பு இருந்தது.

"பாத்துட்டேன். நாளைக்குக் காலையில மணி அடிக்கிறாங்கள்ல, அதுக்குக் கால்மணி முந்தி."

மறுநாள் மத்தியானம் திரும்பக் கூப்பிட்டாள். பேத்தி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளாம். வந்த அன்றைக்கே நம்பர் கொடுத்துவிட்டார்களாம், நாற்பத்தொன்று.