அத்தாவின் பேர் போட்ட டிரம்

உலர்த்திய சூடு ஆறாத ஏலக்காயைச் சாக்கில் கொட்டி, காம்பு உதிர உள்ளங்கையால் தேய்க்கும்போது எழும் தூசி மணக்கவும் செய்யும், கண்ணைக் கரிக்கவும் செய்யும். போடியில் எங்கள் வீட்டுக்குள் என் சிறுவயது அந்தத் தூசியில்தான் கழிந்தது.

என் தகப்பனார், அதாவது அத்தா, சின்ன ஏலக்காய் வியாபாரி. தேய்த்துத் தேய்த்து அம்மாவின் கை வெடித்ததைப் பார்த்து, தகர டிரம் ஒன்றின் உட்புறம் தேங்காய் நாரை மெத்தையாக ஒட்டி, கைப்பிடியைச் சுற்றினால் காம்பு தானே உதிரும்படி செய்தார். அதற்கு முன் கெட்டுப்போன இரண்டு டிரம்களில் எங்கள் கோழிகள் குடியேறியிருந்தன. காப்புரிமை வாங்க மனு எழுதி, படம் வரைந்து, சென்னைக்குப் பஸ்சில் அவர் அலைந்து முடிப்பதற்குள் நான் ஆறாவதிலிருந்து ஒன்பதாவதுக்குப் போய்விட்டேன். பிறகு ஒரு கோயம்புத்தூர் கம்பெனி, அதைச் செய்து விற்க உரிமம் கேட்டு வந்தது.

அத்தா கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் ஊரில் மூட்டைமேல் வியாபாரியின் "மார்க்கு" எழுதியிருக்கும். காயில் குறையென்றால் அந்த மார்க்கைத் தேடித்தான் வருவார்கள். அதனால் டிரம்மில் தன் பேர் இருக்க வேண்டும் என்றார். நாரை மாற்றக் கூடாதென்றும் எழுதி வாங்கச் சொன்னாள் அம்மா. நல்லதை எவன் மாற்றுவான் என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கடைவீதி இரும்புக் கடையில் சிவப்பு எழுத்தில் அத்தாவின் பேரோடு டிரம்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எதிரே நின்று நாங்கள் மூவரும் வெகுநேரம் பார்த்தோம். அடுத்த மாதமே குரங்கணித் தோட்டக்காரர் ஒருவர் ஜீப்பில் டிரம்மைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். ஒட்டும் கூலியை மிச்சம் பிடிக்கக் கம்பெனி நாருக்குப் பதில் இரும்பு வலையை வைத்திருந்தது. காய் தோல் சிராய்ந்து வெளுத்து, ஏலத்தில் சீந்துவாரில்லை.

"பாய், கம்பெனிய எனக்குத் தெரியாது. ஒங்க பேரப் பாத்துத்தான் வாங்குனேன்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

அதன்பின் வந்த ஒவ்வொரு டிரம்மிலும் அத்தா வலையைப் பிய்த்தெறிந்து நார் ஒட்டிக் கொடுத்தார். நார் பிரித்துப் பிரித்து அம்மாவின் கை மறுபடி வெடித்தது. பசை காய்ச்சிக் களைத்துப்போன நான், பேரை அழித்துவிட்டால் தொல்லை விட்டதே என்றேன்.

"அழிச்சா, ஆகாத சோலிய எவன் பாத்தான்னு தெரியாமப் போயிரும்மா. வெரசா பசையக் கொண்டா" என்றார் அத்தா.

எவனோ செய்த தப்புக்கு எங்களை உழைக்க வைக்கிறாரே என்று அவர்மேல் வந்த கோபம் எனக்கு வருடக்கணக்கில் ஆறவில்லை.

இப்போது அத்தா இல்லை. காப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. போன மாதம் அதே கடையில் கரண்டில் சுற்றும் டிரம் ஒன்றைப் பார்த்தேன். உள்ளே கைவிட்டால் மெத்தென்று ரப்பர். காய்க்கு ஒன்றும் ஆகாது. சுற்றிவந்து தேடியும் யார் பேரும் இல்லை. குறையென்றால் யாரிடம் வருவதென்று கடைக்காரரைக் கேட்டேன்.

"அட்டையில ஒரு நம்பர் இருக்குக்கா, அடிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு வந்து சும்மா அந்த நம்பரைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அத்தாவின் மேலிருந்த கோபம் அன்றைக்குத்தான் தீர்ந்தது.