சட்டைக்குள் மறைந்த மூச்சு

முதலில் வந்தது தும்மல்தான். பேரனுக்கு அப்போது ஐந்து மாதம். தும்மிவிட்டு, ஏதோ நான் தும்ம வைத்தது போல முறைப்பான். அந்த அழகைக் காட்டப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன்.

எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல எழுதுவது என் மருமகள்.

மறுநாள் மூக்கு ஒழுகல், லேசான இருமல், இளஞ்சூடு. சாதாரணச் சளி என்று இரண்டு சட்டை போட்டு, குல்லா மாட்டி, துண்டைச் சுற்றினேன். நாலு பிள்ளை வளர்த்த மிதப்பு. மூன்றாம் நாள் மூச்சு வேகமானது. பாலை விட்டுவிட்டு அழுதான்.

“பாகூருக்குப் போயி டாக்டர்கிட்ட காட்லாம் அத்த.”

“மூக்கு ஒழுவுறதுக்கு டாக்டரா? உன் புருஷன் மூக்க மூணு வயசு வரைக்கும் முந்தானையாலயே தொடச்சேன்டி.”

அவள் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றிப் பார்க்கப் போனாள். காற்று படும் என்று கையைத் தட்டிவிட்டேன்.

ஐந்தாம் நாள், கூப்பிட்டும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தான். ஆட்டோவில் ஓடினோம்.

டாக்டரம்மா துண்டை உருவிச் சட்டையைத் தூக்கினார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

“எத்தினி நாளா மூச்சு இப்டி வாங்குது ஆயா?”

“இன்னிக்கிக் காலைலதாம்மா.”

மருமகள் என்னைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இல்லம்மா, ரெண்டு நாளா. நான்தான் வர வுடல.”

நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றிச் சளி அடைப்பது) என்றார்கள். ஊசி, மூக்கில் ஆக்சிஜன் (மூச்சுக்குத் துணையாக விடும் காற்று). ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் வயிறு முட்டக் குடித்து என் மேலேயே கக்கினான். அந்தப் புடவையைத் துவைக்க மனசே வரவில்லை!

டாக்டரம்மா சொன்னது இது. வெறும் சளி என்றால் பிள்ளை பால் குடிக்கும், விளையாடும், பத்து நாளுக்குள் தேறும். மூச்சு வேகமானாலோ (இவன் வயதுக்கு நிமிடத்துக்கு ஐம்பது, அதற்கு மேல்), விலா உள்ளே இழுத்தாலோ, பால் மறுத்தாலோ, உதடு நீலமானாலோ, துவண்டாலோ காத்திருக்கக் கூடாது. மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே போக வேண்டும்.

கையைத் தட்டிவிட்டதை எழுத மருமகள் மறுத்தாள்.

“அதான் நல்லாயிட்டானே, வுடுங்க அத்த.”

“எழுதுடி.”

இப்போது அவன் இருமினால் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தின் சிவப்பு முள் ஒரு சுற்று வரும்வரை மூச்சை எண்ணுகிறேன். ஒரு நிமிடம் இவ்வளவு நீளம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. அவனுக்கு அது விளையாட்டு. வயிறு குலுங்கச் சிரிக்கிறான். எண்ணிக்கை தப்புகிறது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறேன்.