தலையணையில் குளிக்கப் போய் மாத்திரை வரிசையில் நின்ற கதை

கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஓர் அருவிக்காவது கூட்டிப்போனதுண்டா என்று நான் அரித்தெடுத்ததில், போன தை மாதம் என் வீட்டுக்காரர் ஒருவழியாக அசைந்துகொடுத்தார். மதுரையிலிருந்து ரயிலில் நெல்லை, அங்கே இரண்டு இரவு, மூன்றாம் நாள் களக்காட்டு மலையடிவாரத்துத் தலையணை அருவி. நெல்லையிலிருந்து களக்காடு சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் வாழை.

சேரன்மாதேவி தாண்டியதும்தான் மனிதர் வாயைத் திறந்தார். பிரஷர் மாத்திரை டப்பாவை வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே விட்டுவிட்டு வந்தாராம். இரண்டு நாளாக மாத்திரையே போடவில்லை. இவருடைய அண்ணன் இப்படி மாத்திரையை விட்டுத்தான் பக்கவாதத்தில் படுத்தார். களக்காட்டில் இறங்கி மெடிக்கலில் கேட்டால், டாக்டர் சீட்டு இல்லாமல் முடியாது என்றார்கள். சீட்டும் அதே டப்பாவில்.

ஆட்டோக்காரர் பக்கத்து ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். பிரஷர் நூற்றெண்பது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அங்கே இலவசம் என்று தெரிந்ததும் இவர் வரிசையை விட்டு விலகிவிட்டார். "பென்ஷன் வாங்குறவன் ஏழைங்க பங்குல கை வைக்கக் கூடாது. தலையணை பாத்துட்டு வந்து களக்காட்டுல காசுக்கு வாங்கிக்கலாம்." நல்ல மனசுதான், நேரம்தான் சரியில்லை.

"அண்ணாச்சி சொல்லுதது சரிதான். இருக்கவங்களும் வாங்குனா இல்லாதவங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றார் ஆட்டோக்காரர்.

வரிசையில் நின்ற பேச்சியம்மாள், வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர், விடவில்லை. "மிஞ்சாதுன்னா யாரு கேக்க? நாங்க கேட்டா அடுத்த வாரம் வாம்பாவ. உங்கள மாதிரி ஆளுவளும் வரிசையில நின்னாத்தான் ஏன் இல்லன்னு கேப்பிய. அதெல்லாம் கிடக்கட்டும் அண்ணாச்சி, அக்கா மொகத்தப் பாத்தியளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். பேச்சியம்மாளுக்கு முன்னால் தன் பழைய இடத்துக்கே போய் நின்று, மாத்திரையை வாங்கி விழுங்கினார்.

கிளம்பும்போது பேச்சியம்மாளின் முறை. சுகர் மாத்திரை தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அவர் மஞ்சப்பையை மடித்துக்கொண்டு திரும்பினார். ஆட்டோவில் ஒரு காலை வைத்திருந்த என் வீட்டுக்காரர் இறங்கி, மாத்திரை கொடுக்கும் நர்ஸிடம் போனார்.

"ஒரு வாரம் இவங்க என்ன செய்வாங்கம்மா? பக்கத்து ஊர் ஆஸ்பத்திரில இருக்கான்னு கேளுங்களேன்."

நர்ஸ் முகம் சுளிக்காமல் போன் செய்தார். சாயங்காலம் வந்துவிடும் என்று பதில் வந்தது.

களக்காடு போகிறவர்களுக்கு என் யோசனை: கைப்பையில் ஓர் அட்டை மாத்திரையும் டாக்டர் சீட்டின் நகலும் இருக்கட்டும். தலையணைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வனத்துறை கேட்டை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எப்படி என்று கேட்காதீர்கள், நாங்கள் பார்க்கவில்லை. பேச்சியம்மாளின் மாத்திரை வந்து சேரும்வரை அந்தப் பெஞ்சில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.