ரத்தினம்மாள் சொன்ன பெயர்

முப்பது வருஷம் நான் பிரசவம் பார்த்தேன். இடுப்பு வலியில் கத்தித் தெருவையே கூட்டுகிற பெண்ணிடம், ரிஜிஸ்தரில் எழுதுவதற்காக, "வூட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். கப்பென்று வாயை மூடிக்கொள்வாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடுமாம்! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியையும் நான் திட்டாமல் விட்டதில்லை. திட்டி முடிப்பதற்குள் ரத்தினம்மாள் ஞாபகம் வந்துவிடும். குரல் தானாக இறங்கிவிடும்.

அரியலூர் ரயிலடிக்குப் பின்னால் ஒரு கடலைக் கொட்டகை இருந்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம், நாற்பத்தாறு தையில், அங்கே நாங்கள் பதினோரு பெண்கள் கடலை உடைத்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் கொட்டகைக்கு அனுப்பினார்கள். பெரிய பெண் பள்ளிக்கூடம் போனால் ஊர் பேசுமாம், கூலிக்குப் போனால் பேசாதாம். நல்ல கூத்து! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாங்கள் உடைத்த பருப்பை மரக்காலால் அளந்து நோட்டில் எழுதுகிறவள்தான் ரத்தினம்மாள். பிறந்த ஊர் கீழப்பழுவூர். அஞ்சாவது வரை படித்தவள். இருபத்தேழு வயதுதான் இருக்கும், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. அவளை நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். அவள் எங்களை எருமை, சோம்பேறி, ஊமைக்கோட்டான் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கூப்பிடுவாள்.

மத்தியானமானால் கூரை இடுக்கு வழியாக வெயில் இறங்கும். கடலைத் தூசி அந்த வெளிச்சத்தில் கீழேயும் வராமல் மேலேயும் போகாமல் மிதக்கும். இருபத்திரண்டு கைகள் தோல் உடைக்கிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பு லேசாகிவிடும். உட்கார்ந்திருப்பது அரியலூரா வேறு ஏதாவது ஊரா என்றே தெரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் ரத்தினம்மாள் கேட்பாள்.

"இன்னிக்கு யாருடி கனவு?"

யாராவது ஒருத்தி சொல்லவேண்டும். பூங்காவனம் என்கிறவள் கடல் பார்க்கவேண்டும் என்பாள். அது எப்படி இருக்கும், எவ்வளவு சத்தம் போடும், கால் வைத்தால் சுடுமா சில்லென்று இருக்குமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லுவோம். கண் மூடினால் கடலைத் தோல் குவியலே அலையடிக்கிற மாதிரி இருக்கும். எல்லாரும் நன்றாக மிதந்து போன பிறகு ரத்தினம்மாள் ஒரு இழுப்பு இழுத்துக் கீழே கொண்டுவருவாள்.

"சரி, வெல போடு. ரயிலுக்கு எவ்வளவு? எங்க தங்குவே? யாரு வூட்டுல சோறு?"

என் கனவு ஒரு கறுப்புக் குடை. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு பெருமாள் கோயில் தெருவில் நடுவெயிலில் நடக்கவேண்டும், அவ்வளவுதான். மூன்று ரூபாய் குடை. மரக்காலுக்கு ரெண்டணா கூலி, நாளைக்கு ஒரு மரக்கால் உடைப்பேன். "ஒண்ணரை அணா வூட்டுக்கு, அரையணா உனக்கு. அதைக் கேட்டு வாங்கி வை, அழுது வாங்காத. தொண்ணூத்தாறு நாளு. சித்திரை பொறந்து ஒரு வாரத்துல குடை உன் கையில" என்றாள். என் கனவுக்கு ஒரு தேதி கிடைத்தது அன்றைக்குத்தான். தூக்கமே வரவில்லை எனக்கு.

இன்னொரு விளையாட்டு, ஆபீஸ். சாக்கு மூட்டைதான் நாற்காலி. ரத்தினம்மாள் ஆபீசர். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, பேரு என்ன, படிப்பு என்ன, என்ன வேலை தெரியும் என்று கேட்பாள். முந்தானையால் வாயை மூடக்கூடாது. கால் கட்டைவிரலைப் பார்க்கக்கூடாது. "தரையில என்னடி எழுதியிருக்கு? மூஞ்சியப் பாத்துச் சொல்லு!" என்று அதட்டுவாள். கூலி எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஒரு தொகை சொல்லவேண்டும். "பாத்துக் குடுங்க" என்று எவளாவது சொன்னால் வாயில் கடலைத் தோல்தான்.

ஒருநாள் நான் கேட்டேன், "உங்க கனவு என்னக்கா?"

"அதுக்கு வெல போட முடியாதுடி, போ" என்றாள்.

எங்களுக்குத் தெரியும். அவள் புருஷன் ரங்கூனில் அரிசி மில் வேலைக்குப் போனவர். நாற்பத்தொன்று கார்த்திகை வரை கடிதம் வந்தது. பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கிருந்து நடந்தே வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் உண்டு. அவர் வரவில்லை. தினமும் ரெண்டு மணி ரயில் சத்தம் கேட்டால் மரக்காலை அப்படியே பாதியில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பாள். ரயிலிலிருந்து இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். ரயில் போனதும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து எண்ணுவாள்.

அவர் பெயரை அவள் சொன்னதே இல்லை. ஊரில் எல்லாரும் சின்னப் பிள்ளைகளைக் கண்ணு என்று கொஞ்சுவார்கள். அவர் பெயரில் பாதி அதுவாக இருந்ததால் அதைக்கூட அவள் சொல்லமாட்டாள். நாலு வருஷமாகத் தகவலே இல்லாத மனுஷன். அவர் உயிர் தன் நாக்கு நுனியில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தாள், பாவி!

எங்களில் மூத்தவள் சிந்தாமணி. பதினேழு வயது, அஞ்சாவது பாஸ். ஜெயங்கொண்டத்தில் சாமிதுரை என்று ஒரு உத்தமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் ஒரே வருஷத்தில் வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, இவளைப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். இப்போது அந்தப் புதியவள் மாசமாக இருக்கிறாளாம், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமாம், சிந்தாமணியை அனுப்பி வைக்கச் சொல்லி ஆள்விட்டிருந்தான். அவள் அப்பா கருப்பண்ணனும் பங்குனி பிறந்ததும் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பெண்களைப் பழக்குகிறார்கள் என்று தெரிந்தது. சாப்பாடு போட்டு மாசம் பன்னிரண்டு ரூபாய். ரத்தினம்மாள் கருப்பண்ணனிடம் நேரே போய், "உத்தியோகம் கெடச்சா புருஷன் வூட்டுக்கு அனுப்பாதீங்க, கெடைக்கலேன்னா உங்க இஷ்டம்" என்று பேசி முடித்துவிட்டு வந்தாள். பத்து நாள் சிந்தாமணியைச் சாக்கு மூட்டையில் உட்காரவைத்து உயிரை எடுத்தாள். பூங்காவனம் தன் நல்ல ரவிக்கையைக் கொடுத்தாள். திங்கட்கிழமை காலை ரயிலில் அப்பாவும் மகளும் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை சிந்தாமணி கொட்டகைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கடலை உடைக்க ஆரம்பித்தாள். முகத்தைப் பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடி கேட்டாங்க?" என்றாள் ரத்தினம்மாள்.

"எல்லாம் நல்லாத்தான் சொன்னேங்க்கா. கடைசியா ரைட்டர், புருஷன் பேரு என்னன்னாரு."

"நீ?"

"நின்னேன்."

"எழுதிக் காட்ட வேண்டியதுதான?" என்று நான் கத்தினேன்.

"அதுக்கும் டாக்டரம்மா ஒத்துக்கலடி. நாளைக்கு நீ பிரசவம் பாக்கப் போனா புருஷன் பேரு கேட்டு ரிஜிஸ்தர்ல எழுதணும், உன் வாயிலயே வரலேன்னா மத்தவங்க வாயிலேருந்து எப்படி வாங்குவே, அப்படின்னாங்க. வியாழக்கிழமை கடைசி நாளாம். வாயத் தொறந்து சொல்ற மாதிரி இருந்தா வா, இல்லேன்னா வராதன்னுட்டாங்க."

ரத்தினம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்! அந்தக் கேள்விய நான் கேக்கவே இல்லையே!" நூறு கேள்வி கேட்டவள் அந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பழக்கவில்லை. அவள் வாய்க்கும் அது வராத சங்கதி அல்லவா.

புதன்கிழமை மத்தியானம் கடைசிப் பழக்கம். வெயிலும் தூசியும் எப்போதும் போல மிதந்துகொண்டிருந்தன. சிந்தாமணி சாக்கில் உட்கார்ந்தாள். "புருஷன் பேரு?" என்றாள் ரத்தினம்மாள். சிந்தாமணி "சா" என்று ஆரம்பித்து இருமினாள். மறுபடி "சா" என்று சொல்லித் தண்ணீர் கேட்டாள். பத்து தடவை கேட்டும் அதற்கு மேல் ஒரு எழுத்து நகரவில்லை.

"அந்தப் பயலுக்கு ஆயுசு கொறஞ்சா உனக்கென்னடி நட்டம்? நல்லதுதான!" என்று பூங்காவனம் சிரித்தாள்.

"எனக்கும் தெரியுது. நாக்கு கேக்க மாட்டேங்குதே" என்று சிந்தாமணி அழ ஆரம்பித்தாள்.

"நாக்காம் நாக்கு! அங்க போயி அவ துணிய அலசத்தான் லாயக்கு நீ!" என்று ரத்தினம்மாள் சீறினாள்.

சிந்தாமணி விருட்டென்று எழுந்தாள். "நீங்க சொல்லுவீங்களாக்கா? உங்க வூட்டுக்காரர் பேர ஒரு தடவ சொல்லுங்க, நானும் சொல்றேன்!"

கைகள் எல்லாம் நின்றுவிட்டன. கடலை உடையும் சத்தம் இல்லாத கொட்டகையை அன்றைக்குத்தான் கேட்டேன். சிந்தாமணி, சொல்லிவிட்டுத் தானே பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ரத்தினம்மாள் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தூசி மிதப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரெண்டு மணி ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்குகிற சத்தம் கேட்டது. அவள் வாசலுக்குப் போகவில்லை. ரயில் கிளம்பிப் போய், அதன் சத்தமும் தேய்ந்து போனது.

பிறகு மெதுவாக வந்து சாக்கு மூட்டையில் உட்கார்ந்தாள். "நீ ஆபீசரு. கேளு" என்றாள்.

"வேணாங்க்கா. நான் தெரியாம..."

"கேளுடி!"

"பேரு என்ன?"

"ரத்தினம்மாள்."

"புருஷன் பேரு?"

அவள் தரையைப் பார்க்கவில்லை. சிந்தாமணி முகத்தை நேராகப் பார்த்தாள். தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"கண்ணையன்" என்றாள்.

ரொம்பச் சின்னக் குரல். எங்களுக்கே கேட்காமல் போயிருக்கும். அவளே மறுபடி, "ஆண்டவர் மகன் கண்ணையன்" என்று தெளிவாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த பெயர். அது வெளியே வந்ததும் அவள் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த நிமிஷமே வெளுத்துப்போனது. சிந்தாமணி அவள் காலடியில் உட்கார்ந்து, அழுதுகொண்டே, "சாமிதுரை, சாமிதுரை, சாமிதுரை" என்று மூன்று தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை அவளுக்கு இடம் கிடைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் ரயில் ஏறினபோது நாங்கள் பத்துப் பேரும் கொட்டகை வாசலில் நின்று கையாட்டினோம்.

ரத்தினம்மாளுக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. "அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருக்கும்டி, நான் சொல்லிட்டேன்ல" என்று பினாத்திக்கொண்டே இருந்தாள். ஒரு வாரம் கழித்து என்னைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்டாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள், வராதவர்கள் விவரம் கேட்க அங்கே ஒரு ஆபீஸ் இருந்தது.

"இத்தன வருஷமா ஏங்க்கா போவல?" என்று ரயிலில் கேட்டேன்.

"போனா பேரு கேப்பாங்கல்ல" என்றாள்.

 எங்கள் எல்லாரையும் மேஜைக்கு முன்னால் நிற்கப் பழக்கியவள், தனக்காக ஒரு மேஜை முன்னாலும் போய் நின்றதில்லை! அன்றைக்கு நின்றாள். கிளார்க்கு கேட்டதும் பெயர், தகப்பனார் பெயர், மில் பெயர், ஊர், உடையார்பாளையம் தாலுகா, எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவர் எழுதியதை வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

சித்திரை பிறந்து எட்டாம் நாள் பதில் வந்தது. என் குடை வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கொட்டகை மூலையில் சாத்தி வைத்திருந்தேன். கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ரயிலடி கிளார்க்கு படித்துச் சொன்னார். ஆண்டவர் மகன் கண்ணையன், ரங்கூனிலிருந்து நடந்து வரும் வழியில் காய்ச்சலில் இறந்துபோனார். கூட நடந்தவர்கள் அகதி முகாமில் சொல்லிப் பதிந்திருக்கிறார்கள். அவருக்கு எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியாததால் யாருக்கும் எழுதவில்லை.

கிளார்க்கு போனபிறகு அவள் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். "நம்பரு நமக்குத் தெரியும்ல. வருஷம் என்ன போட்டிருக்கு, நீ பாரு."

"நாப்பத்திரண்டு, அக்கா."

"நல்லாப் பாரு. நாப்பத்தாறு இல்லையே?"

"இல்லக்கா. ரெண்டுதான்."

"சத்தமாச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"நாப்பத்திரண்டு!" என்று கத்தினேன். 

"நாலு வருஷம்" என்றாள். எங்கள் கனவுக்கெல்லாம் மனசிலேயே விலை போடுகிறவள், அதை விரல் விட்டு எண்ணினாள். "அப்ப நான் சொன்னதுனால இல்ல. நான் கொல்லலடி. நான் கொல்லல." அதைச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்தச் சிரிப்பு முடியாமலே அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அழாத கண்ணு, அழாத கண்ணு" என்றாள்.

ரெண்டு மணி ரயில் வந்து போயிற்று. பூங்காவனம் என் குடையை எடுத்து விரித்து, அவளைக் கைப்பிடித்து வெயிலில் வீடுவரை கூட்டிப்போனாள். அன்றைக்கு அளந்து எழுத ஆள் இல்லை. நாங்களே மரக்காலை எடுத்து அளந்து, அவரவர் பெயருக்கு நேரே நோட்டில் எழுதிவைத்தோம். மறுநாள் அவள் வந்து சரிபார்த்தாள். எதுவும் தப்பு இல்லை.